கலெக்டர் துரைக்குத் தாயம்மாள் சொல்லி அனுப்பியது

அனுப்புநர்:
மு. கலியமூர்த்தி,
பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்,
அரசு ஊழியர் குடியிருப்பு,
லக்ஷ்மிபாய் நகர்,
புது தில்லி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர் மாவட்டம்,
தஞ்சாவூர்.

பொருள்: மாயவரம் தாலூகா மேலக்குறுவாடி காத்தான் மனைவி தாயம்மாள் என்பவர் தங்கள் அலுவலகத்துக்கு வாய்மொழியாகக் கொடுத்த மனு – நூற்றிரண்டு ஆண்டுகள் தாமதமாக அனுப்பப்படுவது – பதிவு செய்து பதில் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மேற்படி தாயம்மாளின் மனு. பிரமாதி வருஷம் ஆவணி மாத நிகழ்ச்சி பற்றியது.
2. உலக நாடுகளின் மரபு விழாக் குழு எனக்கு அளித்த குறிப்பாணை, நாள் 14.2.1981.

இணைப்பு: ஒலிநாடா ஒன்று, அதன் எழுத்துப்படி, பதிவேட்டுத் தாள் ஒன்றின் கைப்பிரதி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மாவட்டத்தில் எனக்கு வீடோ நிலமோ வழக்கோ கிடையாது. நான் காரைக்காலில் பிறந்து அங்கே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்தப் படிப்பின் பயனாகப் பதினேழு வருடங்களாகத் தில்லியில் மத்திய அரசு ஊழியனாக இருக்கிறேன். இந்த மனுவை என் அலுவலகத்தின் சார்பில் எழுதவில்லை. எனக்காகவும் எழுதவில்லை. வேறொருவர் தங்களுக்குச் சொல்லி அனுப்பியது வழியில் தங்கிப்போய், கடைசியில் என் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. அதை ஒப்படைக்கவே எழுதுகிறேன்.

2. சென்ற பிப்ரவரியில் தில்லியில் உலக நாடுகளின் மரபு விழா என்று பத்து நாள் நிகழ்ச்சி நடந்தது. தாய்நாட்டை விட்டுப் போய் வேறு நாடுகளில் குடியேறிய மக்கள் இன்னமும் காத்து வரும் பாட்டு, கூத்து, வழிபாடு ஆகியவற்றை மேடையேற்றிப் பதிவு செய்து வைப்பது அதன் நோக்கம். பதினெட்டு நாடுகளிலிருந்து குழுக்கள் வந்தன. பிரெஞ்சு பேசுகிறவர்களுக்குத் துணையாக இருக்க என்னை அயல்பணியில் அனுப்பினார்கள்.

3. என் பொறுப்பில் வந்தவர்களுள் திருமதி ஜோசபின் வீரப்பின் என்பவர் ஒருவர். வயது ஐம்பத்தேழு. மேற்கிந்தியத் தீவுகளில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலுள்ள குவாதலூப் என்ற தீவைச் சேர்ந்தவர். அங்கே தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறார். சென்ற நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்குக் காரைக்கால் வழியாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வம்சம். முகத்தைப் பார்த்தால் மாயவரம் கடைத்தெருவில் எதிர்ப்பட்ட யாரோ என்று தோன்றும். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. ஆனால் அவர் குடும்பத்தில் தாய் வழியாக ஒரு தமிழ்த் துதி இருக்கிறது என்று அதைச் சொல்ல அழைக்கப்பட்டிருந்தார். உடன் அவர் தம்பிகள் இருவர் மேளத்தோடு வந்திருந்தார்கள்.

4. அந்தத் துதியைச் சொல்லும் முறையை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். ஆண்டுக்கொருமுறை ஆகஸ்ட் மாதத்தில் குடும்பத்தார் எல்லோரும் கூடுவார்களாம். அன்று வாசற்கதவைச் சாத்துவதில்லை. வாசலை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு அதன்மேல் ஒரு வெள்ளைத் தொப்பியை வைப்பார்கள். அது 'கலத்தர்' என்ற தெய்வத்தின் இடம். அதில் யாரும் உட்காரக் கூடாது, குழந்தைகள் தொடவும் கூடாது. வீட்டின் மூத்த பெண் நாற்காலிக்கு எதிரே நின்று துதியைச் சொல்வார். ஓரிடம் வந்ததும் இரண்டு கைகளையும் ஏந்தினாற்போல நீட்டுவார். முடிந்ததும் வாசலைப் பார்த்து 'பூனோ' என்று இரண்டு தரம் கூப்பிடுவார். பிறகு எல்லோரும் பேசாமல் நின்றுகொண்டிருப்பார்கள். விளக்கு தானாக அணைந்த பிறகுதான் நகர்வார்கள். எதற்காக நிற்கிறீர்கள் என்று கேட்டேன். அது தெரியாது, ஆனால் நடுவில் யாராவது நகர்ந்துவிட்டால் அந்த வருடம் முழுக்க வீட்டில் ஒரு பயம் இருக்கும் என்று பதில் சொன்னார்.

5. பிப்ரவரி 10ஆம் தேதி பகல் ஒத்திகை. நானும் அது ஏதோ மாரியம்மன் தோத்திரம் சிதைந்து வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். டீ வாங்கிக்கொண்டு திரும்பிய நேரத்தில் 'கணக்கால் சுட்ட தளும்பு' என்று காதில் விழுந்தது. எந்தத் தோத்திரத்தில் கணுக்காலில் சுட்ட தழும்பு வரும்? மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறை கேட்டபோது என் கையில் டீ ஆறிப்போயிருந்தது.

6. விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு நாள் அவர் எதிரே உட்கார்ந்து, சொல் சொல்லாகக் கேட்டு எழுதினேன். நாக்கு மாறிச் சிதைந்திருந்த இடங்களை மட்டும் நேராக்கி, மற்றபடி ஒரு சொல்லும் கூட்டாமல் கீழே தருகிறேன்:

"மகாராஜராஜஸ்ரீ தஞ்சாவூர் கலெக்டர் துரையவர்கள் சமூகத்துக்கு, மாயவரம் தாலூகா மேலக்குறுவாடியிலிருக்கும் காத்தான் பெண்சாதி தாயம்மாள் சொல்லிக்கொண்ட அர்ஜி. தாது வருஷத்துப் பஞ்சத்தில் என் புருஷன் செத்துப்போனான். பிரமாதி வருஷம் ஆவணி மாசம் ஜம்பு மேஸ்திரி என்கிறவன் காரைக்காலில் நெல்லுக் குத்துற வேலை இருக்கிறதென்று என்னையும் என் பெண்பிள்ளை பவுனுவையும் கூட்டிக்கொண்டு போனான். அங்கே டிப்போவில் விட்டுக் கதவைச் சாத்திப்போட்டார்கள். பிள்ளைக்குச் சுரம் கண்டது. சுரமுள்ள பிள்ளையைக் கப்பலேற்ற உத்தரவில்லை, அடுத்த கப்பலில் வரும் என்று சொல்லிக் கேட்டார்கள். நான் கொடுத்தேன். அடுத்த கப்பலில் வரவில்லை. அதற்கடுத்த கப்பலிலும் வரவில்லை. பிள்ளைக்கு வயசு மூணு. இடது கணுக்காலில் சுட்ட தழும்பு. சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. கூப்பிட்டால் உடனே வராது, ரெண்டு தரம் கூப்பிட வேணும். துரையவர்கள் தயவு பண்ணி விசாரித்து என் பிள்ளையை என் கையில் ஒப்படைக்க உத்தரவு செய்ய வேணும். உத்தரவு வருகிற மட்டும் நிற்கிறேன்."

7. ஐயா, இது துதி அல்ல. தங்கள் அலுவலகத்துக்குக் கொடுத்த புகார். பிரமாதி என்பது 1879ஆம் ஆண்டாகத்தான் இருக்க முடியும். அந்த அம்மாளுக்கு எழுதத் தெரியாது. எழுதிக் கொடுக்கவும் அங்கே ஆளில்லை. அதனால் தோட்டத்தில் மறுபடி ஒருவரைக் கட்டிக்கொண்டு பிறந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பிழையில்லாமல் சொல்லாத பிள்ளைக்குச் சோறு போட மாட்டாராம். என்றைக்காவது ஒரு அதிகாரி வாசலில் வந்து நின்றால், தாம் உயிரோடு இல்லாவிட்டாலும் வீட்டில் யாராவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் காலத்தில் தமிழ் போய்விட்டது. புகார் மட்டும் நின்றுவிட்டது. ஜோசபின் அம்மையார் அவருடைய கொள்ளுப்பேத்தி.

8. பொருளை அவரிடம் சொன்னேன். அவர் அழவில்லை. கலத்தர் என்பது சாமி இல்லையா என்று கேட்டார். இல்லை, ஒரு ஜில்லாவை நிர்வகிக்கும் அதிகாரி என்றேன். தம் கைகளை மேஜைமேல் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுமியாக இருந்தபோது, கையை நீட்டுவது ஆசீர்வாதம் வாங்க என்று அவர் தாயார் சொல்லியிருந்தாராம். பிறகு, அந்த உத்தியோகம் இப்போதும் உண்டா என்றார். உண்டு, தஞ்சாவூரில் அதே நாற்காலியில் இன்றைக்கும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேன். அப்போதுதான் அவர் பயந்தார். வெயிலில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

9. விழாக் குழு அச்சிட்டிருந்த கையேட்டில் இது 'பொருள் அறியப்படாத தொன்மையான தாய்த்தெய்வத் துதி' என்று இருந்தது. அதைத் திருத்த வேண்டும் என்று தலைமை ஒருங்கிணைப்பாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, சுவாரசியமாக இருக்கிறது, ஆனால் புகார் மனுவுக்கு விழாவில் பிரிவு இல்லையே என்றார். பதிவுகள் ஏற்கெனவே வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றுக்குத் துதி என்று பட்டியலிட்டு அனுப்பப்பட்டுவிட்டனவாம். 14ஆம் தேதி காலை எனக்குக் குறிப்பாணை வந்தது. கலைஞர்களுக்குப் பொருள் விளக்கம் செய்து மரபின் தூய்மையைக் குலைக்கக் கூடாது, மேடையில் அச்சிட்ட குறிப்பைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது என்று அதில் கண்டிருந்தது.

10. இனி நான் எழுதப்போவது என் குற்றம். குறைக்காமல் எழுதுகிறேன்.

அன்று மாலை நான்கு மணிக்கு அவர் நிகழ்ச்சி. திறந்தவெளி அரங்கு, நல்ல கூட்டம். என் மனைவி இந்திராணியும் மகள் பூங்கோதையும் மூன்றாம் வரிசையில் இருந்தார்கள். அம்மையார் நாற்காலியைப் போட்டுத் தொப்பியை வைத்தார். சொல்லி முடித்தார். கைகளை நீட்டியபடியே, பக்கவாட்டுப் படிக்கட்டைப் பார்த்து, இரண்டு தரம் கூப்பிட்டார். தில்லிக் கூட்டம் அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் இருமினார். அதுவும் பாதியில் நின்றது. என் பக்கத்தில் நின்ற விளக்குக்காரர், பையா, யாராவது வரணுமா என்று இந்தியில் ரகசியமாகக் கேட்டார்.

அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் சிறப்பு விருந்தினரை மேலே அழைத்து வந்தார்கள். அவர் ஓர் உயர் அதிகாரி. வெள்ளை உடையில் இருந்தார். புகைப்படக்காரருக்கு வசதியாக யாரோ தொப்பியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

மேளக்காரத் தம்பிகளின் கை நின்றுவிட்டது. அவர்கள் வம்சத்தில் அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தவர் கிடையாது. அம்மையார் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை அதில் ராகம் இல்லை. சொல்வதன் பொருள் தெரிந்த ஒருவர், ஒரு அதிகாரியிடம், நிறுத்தி நிறுத்திச் சொல்லும் குரல். தழும்பைச் சொன்னபோது தம் இடது காலைத் தொட்டுக் காட்டினார். கடைசியில் கையை நீட்டினார்.

விருந்தினர் என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஒலிபெருக்கி என் கையில் இருந்தது. 'துதி சொல்கிறார், ஐயா' என்றேன்.

அவர் மகிழ்ந்து கை தட்டினார். கூட்டமும் தட்டியது. பிறகு நினைவுப் பரிசாகத் தர வைத்திருந்த சலவைக்கல் தாஜ்மகால் பொம்மையை எடுத்து, நீட்டியிருந்த அந்தக் கைகளில் வைத்தார்.

அம்மையார் அதைப் பார்த்தார். என்னிடம் பிரெஞ்சில், 'இவர் பதில் சொல்லிவிட்டாரா?' என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் குனிந்து பொம்மையைத் தரையில் வைத்துவிட்டு, மறுபடியும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். திரை போட்டார்கள். திரைக்குப் பின்னாலும் நின்றார். அடுத்த குழுவினர் வந்து சுற்றி நின்றுகொண்டு, அவர் மேல் படாமல் தங்கள் சாமான்களை அடுக்கினார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் தம்பிகள் இருவரும் அவரைத் தூக்கித்தான் கொண்டுபோனார்கள். முழங்கால் மடங்கவில்லை.

11. விருந்தினரை அவமதித்ததாகக் குழு முடிவு செய்தது. விழா முடிந்ததும் அவர்களைச் சென்னைக்கும் காரைக்காலுக்கும் அழைத்துப்போவதாக இருந்தது ரத்தாயிற்று. 17ஆம் தேதி விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். நூறு வருடத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் ஒருவர் காரைக்காலுக்கு ஆயிரத்து இருநூறு கல் தொலைவு வரைக்கும் வந்தார். அவ்வளவுதான். விமான நிலையத்தில் அவர் என்மேல் கோபம் காட்டவில்லை. இனிமேல் நாங்கள் எப்போது நகர்வது என்று மட்டும் கேட்டார்.

12. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்கள் குடியிருப்பில் நடந்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. நான் அலமாரிப் பக்கம் இருந்தேன். முன்னறையிலிருந்து ஜோசபின் அம்மையாரின் குரலில் அந்த மனு கேட்டது. ஒத்திகையில் நான் பதிவு செய்த ஒலிநாடாவைப் பூட்டி வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் பூங்கோதை திறந்த கதவைப் பார்த்து நின்றுகொண்டு சொல்லிக்கொண்டிருக்கிறாள். வயது பதினான்கு. ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் வந்து கேட்டதில் முழுவதும் மனப்பாடமாகியிருக்கிறது. அதே சிதைவுகள், அதே இழுப்பு. 'கணக்கால்' என்றே சொன்னாள். கையை நீட்டினாள். படிக்கட்டுப் பக்கம் பார்த்து இரண்டு தரம் கூப்பிட்டாள். மாடி வீட்டுக் குழந்தை ஒன்று கீழே ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. நான் கதவைச் சாத்தினேன்.

என்ன சொன்னாய் என்று கேட்டேன். 'பிரேயர்தானே அப்பா, நீங்களே மைக்கில சொன்னீங்களே' என்று இந்தியில் சொன்னாள். ஒரு வார்த்தையாவது புரிந்ததா என்றேன். 'நஹீ' என்றாள்.

அதற்கு முந்தைய வாரந்தான் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்தபோது, தாய்மொழி என்ற இடத்தில் அவளுக்கும் தமிழ் என்று எழுதச் சொல்லியிருந்தேன்.

அவளை உட்கார வைத்து ஒவ்வொரு சொல்லாகப் பொருள் சொன்னேன். தமிழில் நான் அவளிடம் அத்தனை நேரம் பேசியது அதுதான் முதல் முறை. எல்லாம் கேட்டுவிட்டு, 'அப்புறம்? அந்தப் பச்சி மிலி க்யா?' என்றாள். குழந்தை கிடைத்ததா என்று கேட்கிறாள். விழாவுக்கு வந்திருந்த அத்தனை பேரில் இந்தக் கேள்வியைக் கேட்டது அவள் ஒருத்தி. நானும் கேட்டிருக்கவில்லை.

13. மே மாதம் விடுப்பில் காரைக்கால் போனேன். கப்பலேற்ற வேண்டியவர்களை அடைத்து வைத்த டிப்போ இருந்த இடத்தில் இப்போது உப்புக் கிடங்கு. ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர், குப்பையில் போட இருந்த பழைய பிரெஞ்சுத் தாள்களை வீட்டில் சேர்த்து வைத்திருந்தார். பெரும்பாலும் கரையான் அரித்தவை. அதில் 1879 செப்டம்பர் மாதத்துத் தாள் ஒன்றில் ஒரு வரி கிடைத்தது. 'பெண் குழந்தை, வயது சுமார் மூன்று, பெயர் இல்லை, காய்ச்சல், கப்பலேற்றப்படவில்லை, ஒப்படைக்கப்பட்டது' என்று இருக்கிறது. யாரிடம் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. கரையான் அரிக்கவில்லை. எழுதவே இல்லை.

அது பவுனுதான் என்று நான் சாதிக்கவில்லை. இறந்தது என்று எழுதாமல் ஒப்படைக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள் என்பதை மட்டும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அந்தக் குழந்தை பிழைத்து, அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் வளர்ந்திருக்கலாம். தங்கள் அலுவலகத்தில் வேலை செய்கிறவர் ஒருவரின் வீடாக இருக்கலாம். காரைக்காலில் நான் பிறந்த வீடாகவும் இருக்கலாம். இதை யோசிப்பதை நிறுத்திவிட வேண்டும் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

14. செப்டம்பர் இறுதியில் ஜோசபின் அம்மையாரிடமிருந்து கடிதம் வந்தது. இந்த ஆகஸ்டில் குடும்பம் கூடியபோது எல்லோருக்கும் பொருளைச் சொல்லிவிட்டாராம். சிலர், தெரிந்த பிறகு இதைச் செய்ய மனம் வரவில்லை, விட்டுவிடலாம் என்றார்கள். அவருடைய தங்கை ஒப்பவில்லை. உத்தரவு வருகிற மட்டும் நிற்கிறேன் என்று அந்தத் தாய் சொல்லியிருக்கிறாள், அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள், நாம் எப்படி உட்காருவது என்றாராம். விளக்கு அணைந்த பிறகும் யாரும் நகரவில்லை. விடிந்து வேலைக்குப் போக வேண்டியவர்கள் மட்டும் போனார்கள். மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கடிதம் எழுதிய தேதி செப்டம்பர் ஒன்பது. அதுவரை அந்த வீட்டில் எப்போதும் ஒருவர் வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்திருக்கிறார். கதவைச் சாத்தவில்லை.

15. விழாக் குழு மார்ச் முடிவில் கலைக்கப்பட்டுவிட்டதால் அங்கே முறையிட ஆளில்லை. எனக்கு வந்த குறிப்பாணையை நீக்கும்படி நான் யாரையும் கேட்கப்போவதில்லை. தங்களிடம் வேண்டுவது இவ்வளவுதான்:

தாயம்மாளின் மனுவை இன்றைய தேதியில் தங்கள் அலுவலகப் பதிவேட்டில் ஏற்றி ஓர் எண் கொடுக்க வேண்டுகிறேன். மேலக்குறுவாடி என்ற ஊரைப் பற்றியும் காரைக்காலில் விடப்பட்ட அந்தக் குழந்தையைப் பற்றியும் விசாரிக்க வழியிருந்தால் விசாரிக்க வேண்டுகிறேன். காரைக்கால் தங்கள் அதிகார எல்லைக்குள் இல்லை என்பது எனக்குத் தெரியும். வழியில்லையென்றால் வழியில்லை என்றே எழுதலாம். காலங்கடந்த மனு, நிராகரிக்கப்படுகிறது என்று எழுதினாலும் போதும். அந்த வீட்டார் நல்ல செய்தி கேட்கவில்லை. நகரலாமா கூடாதா என்று தெரியாமல் நிற்கிறார்கள்.

பதிலை எனக்கு முகவரியிட வேண்டாம். 'காத்தான் மனைவி தாயம்மாளுக்கு' என்று எழுதி, என் மேற்பார்வை என்று போட்டால் நான் அங்கே அனுப்பி வைக்கிறேன். என்ன பொருள் என்று பிரெஞ்சில் எழுதிக் கூடவே வைக்கும் பொறுப்பு என்னுடையது. இந்தத் தடவை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒரு வேண்டுகோள். பதில் மூன்று நான்கு வாக்கியங்களுக்கு மேல் போகாமல், விதி எண்களும் வடமொழிச் சொற்களும் இல்லாமல், சிறு சிறு சொற்களாக இருந்தால் நல்லது. அதை மனப்பாடம் செய்யப் போகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது.

பணிவுடன்,
(ஒப்பம்) மு. கலியமூர்த்தி

இடம்: புது தில்லி
நாள்: 12.10.1981